ரங்கூன் எண்ணெயும் செம்பூர் காற்றும்

வங்கி வாசலில் இரட்டைக் குழல் துப்பாக்கியோடு உட்கார்ந்திருக்கும் காவலாளியைப் பார்க்கிறவர்கள், இது எப்போதாவது சுட்டிருக்குமா என்று கேட்பார்கள். பெரும்பாலும் சுட்டிருக்காது. ஆனால் மும்பையில் ஒரு பன்னிரண்டு போர் துப்பாக்கிக்கு ஓய்வு என்பதே கிடையாது. அதன் எதிரி துரு. மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் இருந்துவிட்டு இந்த ஊருக்கு வந்து, மாட்டுங்கா, குர்லா, செம்பூர் என்று கிளை கிளையாகக் காவல் வேலை பார்த்தவன் நான். 1969-ல் 14 வங்கிகள் நாட்டுடைமையான பிறகு கிளைகள் பெருகின; பட்டாளத்திலிருந்து வந்த எங்களைப் போன்றவர்களுக்கு வாசலில் ஒரு நாற்காலியும் கையில் ஒரு டபுள் பேரலும் கிடைத்தன.

குழலின் மேல் மின்னுகிற அந்தக் கருநீலத்தைப் பெயின்ட் என்று பலரும் நினைக்கிறார்கள். அது துருவேதான், பழக்கி வைத்த துரு. பழைய முறை இது: குழலை எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துடைத்து, நவச்சாரம் போன்ற உப்புக் கரைசலைத் தடவி, ஈரமான அறையில் தொங்கவிடுவார்கள். சில மணி நேரத்தில் செம்பட்டையாகத் துரு பூக்கும். அப்படியே கொதிக்கிற வெந்நீரில் முக்கினால் செம்மை கருத்துவிடும். மெல்லிய கம்பி பிரஷ்ஷால் தேய்த்தால் உதிர வேண்டியது உதிர்ந்து, ஒட்ட வேண்டியது ஒட்டி நிற்கும். மறுபடி தடவல், மறுபடி கொதி. நாள் கணக்கில் இதையே செய்தால்தான் அந்த ஆழமான நிறம் வரும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொதிநீரில் முக்காமல் பழுப்பாகவே விடும் வழக்கம் பரவலாக இருந்தது. கருப்பு பின்னால் வந்த ருசி. இரண்டிலும் வேலை ஒன்றுதான். இந்த மெல்லிய படலம் தானாகத் துருவைத் தடுத்துவிடாது. நுண்ணிய துளைகளில் எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். எண்ணெய் போனால் காவலும் போயிற்று.

1930, 40-களில் காஸ்டிக் சோடாவும் நைட்ரேட் உப்பும் கலந்த தொட்டியில் சுமார் 140 டிகிரி சூட்டில் முக்கியெடுக்கும் முறை பரவியது. அரை மணியில் வேலை முடியும். ஆனால் இரட்டைக் குழலுக்கு அது எமன். இரண்டு குழல்களுக்கும் நடுவே ஓடும் பட்டையை ஈயமும் தகரமும் கலந்து பற்றவைத்திருப்பார்கள். சூடான காஸ்டிக் அந்தப் பற்றை அரித்துவிடும். உப்பு பட்டைக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும். இன்னொரு கிளையின் துப்பாக்கியை ஒரு பட்டறையில் இப்படிக் கொடுத்துப் பளபளவென்று வாங்கி வந்தார்கள். அடுத்த மழைக்காலத்தில் பட்டையின் விளிம்பு நெடுக வெள்ளையாகப் பூத்து, அதன் கீழே செங்கோடு ஓடியது. எவ்வளவு துடைத்தாலும் மறுநாள் திரும்ப வந்தது. நல்ல துப்பாக்கி ஒன்று அப்படிப் பாழானதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

எண்ணெயின் கதைதான் எனக்கு மிகப் பிடித்தது. ஒரு காலத்தில் துப்பாக்கிக்குத் திமிங்கல எண்ணெயும் ஆலிவ் எண்ணெயும் மாட்டுக் கால் எண்ணெயும் தடவினார்கள். செடியிலிருந்தும் விலங்கிலிருந்தும் வரும் எண்ணெய் நாள்பட்டால் புளித்து அமிலமாகும், இல்லையென்றால் பிசினாகும். அந்தக் குறை தீர்ந்தது பர்மாவால். ஐராவதி ஆற்றங்கரையில் ஏனாங்யாவுங் என்ற ஊரில், குடும்பம் குடும்பமாக உரிமை வைத்திருந்தவர்கள் கையாலேயே கிணறு தோண்டி மண்ணிலிருந்து எண்ணெய் இறைத்தார்கள். 1850-களில் அது கப்பலேறி லண்டன் போய் மெழுகுவர்த்தியானது. அதிலிருந்து வடித்த எண்ணெய் ‘ரங்கூன் ஆயில்’ என்ற பெயரில் இங்கிலாந்தின் துப்பாக்கிப் பெட்டிகளுக்குள் புகுந்தது. அது புளிக்காது. இரும்பை விட்டு லேசில் வழியாது. 1878-ன் ஆயுதச் சட்டம் இந்தியனுக்கு லைசென்ஸ் கேட்டு, வெள்ளைக்காரனுக்கு விலக்கு கொடுத்திருந்த காலம். பம்பாய்த் துறைமுகத்தில் இறங்கிய துரையின் பெட்டியில் அந்தக் குப்பி இருந்திருக்கும். துடைத்த கை பெரும்பாலும் நம்முடையதாகத்தான் இருந்திருக்கும்.

1886-ல் பர்மா ஆயில் கம்பெனி எழுந்தது. 1928-ல் அது ஷெல்லோடு சேர்ந்து இந்தியாவில் பர்மா ஷெல்லைத் தொடங்கியது. அந்த பர்மா ஷெல்தான் 1955-ல் செம்பூரை ஒட்டிய மாகுலில் சுத்திகரிப்பு ஆலையைத் திறந்தது. 1976-ல் அரசு அதை எடுத்துக்கொண்டது. இன்று அது பாரத் பெட்ரோலியம். ரங்கூன் எண்ணெயின் வம்சம் என் வீட்டுக்கு அருகிலேயே குடியிருக்கிறது என்று தெரிந்த நாளில் எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. ஆனால் அதே மாகுல், டிராம்பே பக்கத்து ஆலைகளின் கந்தகப் புகைதான் இந்தக் காற்றையும் கெடுத்தது. காற்றில் ஈரப்பதம் 60, 70 சதவீதத்தைத் தாண்டினாலே இரும்பு வேகமாகத் துருப்பிடிக்கத் தொடங்கும். மும்பையின் ஜூலை 80-க்கு மேலேயே நிற்கும். அதில் கந்தகம் கரைந்தால் குழலின் மேல் படிவது பனியல்ல, மெல்லிய அமிலம். போதாததற்குக் கடலின் உப்பு. மாட்டுங்காவில் இரண்டு நாள் தாங்கிய எண்ணெய்ப் பூச்சு, செம்பூரில் ஒரு நாள்கூடத் தாங்காது.

உப்பின் குணத்தை எனக்குக் கற்பித்தது பட்டாளம். எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த சுபேதார்கள் த்ரீ-நாட்-த்ரீ ரைபிள் காலத்து ஆட்கள். அந்தக் காலத்துத் தோட்டாவின் பற்றவைக்கும் மருந்தில் குளோரேட் உண்டு. வெடித்ததும் குழலுக்குள் உப்பாகப் படியும். உப்பு எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். அதனால் சுட்டு முடித்ததும் புனல் வைத்துக் கொதிக்கிற தண்ணீர் ஊற்றுவார்கள், பிறகு புல்த்ரூ கயிற்றில் துணித்துண்டு கட்டிக் குழலுக்குள் இழுப்பார்கள், எண்ணெய் கடைசியில்தான். தோட்டா மாறிவிட்டது. அவர்கள் அந்த வரிசையை மட்டும் மாற்றவே விடவில்லை.

அது 2005-ல் கைகொடுத்தது. ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 944 மில்லிமீட்டர் மழை. மித்தி ஆறு குர்லாவுக்குள் வந்தது. கிளைக்குள் இடுப்பளவு தண்ணீர், சாக்கடையும் கடலும் கலந்த தண்ணீர். வடிந்ததும் எல்லாரும் எண்ணெய் தேடினார்கள். நான் நல்ல தண்ணீர் தேடினேன். குழலைக் கழற்றி, டீக்கடை அடுப்பில் கொதிக்க வைத்த தண்ணீரை உள்ளும் புறமும் ஊற்றி, சூட்டிலேயே உலரவிட்டு, மண்ணெண்ணெயில் கழுவி, அப்புறம்தான் எண்ணெய் தடவினேன். குழல் பிழைத்தது. உள்ளே விசைவில்லில் மட்டும் குழி குழியாக அரிப்பு விழுந்துவிட்டது.

எனக்கு முன்னால் அந்தக் கிளையில் இருந்தவர் ஒரு திருநெல்வேலி அண்ணாச்சி. “தம்பி, எண்ணெயை ஊத்தாதே, தடவு” என்பார். அதிகமான எண்ணெய் கீழே இறங்கித் துப்பாக்கியின் மரக்கட்டையை ஊறவைத்து இற்றுப்போகச் செய்யும். அதனால் இரவில் பூட்டும்போது குழல்முனை கீழே பார்க்க வைப்பார். தாராவியில் தைத்த தோல் பெல்ட்டில் தோட்டாவை இரவெல்லாம் விடமாட்டார். தோலின் பதனப் பொருளும் கொழுப்பும் பித்தளையில் பச்சை ஏற்றும். துப்பாக்கியைத் தோல் உறையில் பூட்டி வைப்பதும் அப்படித்தான், ஈரத்தைக் கூடவே படுக்க வைப்பது. யாராவது ஆசையாகக் குழலைத் தொட்டுப் பார்த்தால் சிரித்துக்கொண்டே விடுவார். அவர்கள் போனதும் விரல் பட்ட இடத்தைத் துடைப்பார். வேர்வையும் உப்புதானே.

இப்போது பல கிளைகளில் ஏஜென்சி மூலம் பையன்கள் வருகிறார்கள். தோட்டாவை எண்ணிக் கையெழுத்து வாங்கிக் கொடுக்கிறார்கள். எண்ணெயும் துணியும் யாருடைய கணக்கு என்று கேட்டால் பதில் இல்லை. பாதிப் பேர் தங்கள் சம்பளத்தில் தையல் மெஷின் எண்ணெய் வாங்கித் தடவுகிறார்கள். அது மோசமில்லை, அதுவும் மண்ணிலிருந்து எடுத்த எண்ணெய்தான். மழைக்காலத்துக்கு முன்னால் ஒரு குப்பியும் ஒரு முழம் பிளானலும் துப்பாக்கியோடு சேர்த்தே தர வேண்டும் என்று நான் மேலாளர்களிடம் சொல்லி வருகிறேன்.