பஞ்சுத் தூசியும் ஒரு விசிறியின் கதையும்



போன மாதம் பழைய மாணவர் ஒருவர் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு தாராபுரத்துக்கு வந்தார். திருப்பூரில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறார். மாடியில் அவர், கீழே பனியன் கட்டிங் யூனிட். "சார், பத்து நிமிஷம் ஓடுனா ஸ்கிரீன் கருப்பாயிடுதுங்க. புது கார்டு வாங்கற நெலமைல இல்லீங்க" என்றார். நான்கு கல்யாண வீடியோ பாக்கி, முன்பணம் செலவாகிவிட்டது.

திறந்து பார்த்தோம். கிராபிக்ஸ் கார்டின் அலுமினியத் தகடுகளுக்கு நடுவே பஞ்சு மெத்தைபோல் அடைந்திருந்தது. ஒரு விசிறி சுற்றவேயில்லை.

நான் வரலாற்று வாத்தியார். ஆதியிலிருந்து சொல்லாமல் விடமாட்டேன் என்பது உங்களுக்குத் தெரியும்.

1946இல் அமெரிக்காவில் இயங்கிய எனியாக்கில் சுமார் 18,000 வால்வுகள். 150 கிலோவாட் மின்சாரம் தின்றது. 1973இல் சென்னை ஐ.ஐ.டி.க்கு ஐபிஎம் 370 வந்தது. அந்தக் காலத்துப் பெரிய கணினிகளுக்குக் குளிர்சாதன அறை கட்டாயம். பிறகு பள்ளிகளுக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது ஏ.சி. வரவில்லை, பயம் மட்டும் வந்தது. செருப்பை வெளியே விட்டோம், சித்திரை வெயிலிலும் ஜன்னலைச் சாத்தினோம், துணி உறை போட்டு மூடினோம். வெப்பத்தை விட்டுத் தூசியைப் பிடித்தோம்! அந்த மெஷின்கள் அதிகம் சூடாகாததால் பிழைத்தன.

1999இல் என்விடியாவின் ஜீஃபோர்ஸ் 256 வந்தபோது அதன் சிப் மேல் சின்னதாக ஒரு விசிறி இருந்தது. 2003இல் வந்த எஃப்எக்ஸ் 5800 அல்ட்ரா இரண்டு ஸ்லாட் இடத்தைப் பிடித்துக்கொண்டு வாக்வம் கிளீனர்போல் இரைந்தது. அதைக் கேலி செய்து அந்தக் கம்பெனியே ஒரு வீடியோ எடுத்தது. கார்டோடு வரும் கூலரைக் கழற்றிவிட்டு வேறு மாட்டும் பழக்கம் அந்த ஆண்டுகளில்தான் பரவியது. சுவிட்சர்லாந்தின் ஆர்க்டிக், கொரியாவின் ஸால்மன் அதில் பேர்பெற்றவை.

இப்போதைய கூலர்களில் உள்ள செப்புக் குழாய் 1963இல் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் ஜார்ஜ் குரோவர் விண்வெளிக் கருவிகளை மனத்தில் வைத்துச் செய்தது. உள்ளே கொஞ்சம் திரவம். சூடான முனையில் ஆவியாகி, குளிர்ந்த முனையில் இட்லிப் பானை மூடியில் படிவதுபோல் நீராகி, திரும்பி ஓடும். மின்சாரமே வேண்டாம்.

ஆணித் துளைகளின் இடைவெளியை அளந்து பொருத்தமான கூலர் வரவழைத்தோம். மாட்டும் நாளில் முதலில் கார்டைச் சற்று ஓடவிட்டு நிறுத்தினோம். பசை இளகினால்தான் பழைய கூலர் முரண்டு பிடிக்காமல் வரும். காய்ந்த பசையை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்தோம். புதுப் பசை பட்டாணி அளவு. சிப்புக்கு மேல்மூடி கிடையாது, ஓரம் உடைந்தால் கார்டே போச்சு. அதனால் நான்கு ஸ்க்ரூவையும் குறுக்குமறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கவேண்டும்.

அவர் முறுக்கினார், நான் டார்ச் பிடித்தேன். எதையும் தொடாதே என்று ஒருகாலத்தில் இவனைக் கம்ப்யூட்டர் அறைக்கு வெளியே நிறுத்தியவன் நான்தான். "போதுமாங்க சார்?" என்று என்னைக் கேட்கிறார். எனக்கென்ன தெரியும்! "உன் கைக்குத் தெரியும்பா" என்றேன்.

இரண்டு மணி நேரம் ஓடியது. 90 டிகிரிக்கு மேல் போனது 70ஐத் தாண்டவில்லை. நேற்று போன் செய்தார், இரண்டு வீடியோ கொடுத்தாயிற்றாம். மாதம் ஒருமுறை பிரஷ் போடச் சொன்னேன். பனியன் கம்பெனிப் பக்கம் கம்ப்யூட்டர் வைத்திருப்போரும் செய்யுங்கள். பிளோயர் அடிக்கும்போது விசிறியை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்.