பத்துப் பைசா கணக்கு

ஓர் ஊருக்கு என்னென்ன வேண்டும்? ரோடு, கிணறு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி... பட்டியல் போடுவது சுலபம். 'பணம் எங்கே?' என்று ஒருவர் கேட்டதும் பட்டியலில் பாதி காணாமல் போய்விடும்!

சென்னையில் அப்படித்தான் ஆனது. 1920-ல், பிட்டி தியாகராயர் மாநகராட்சித் தலைவராக இருந்தபோது, ஆயிரம் விளக்கு பள்ளியில் மதிய உணவு போட ஆரம்பித்தார்கள். பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓரணாவுக்கு மேல் போகக்கூடாது என்பது கணக்கு. ஆரம்பக் கல்விப் பணத்தைச் சோற்றுக்குச் செலவழிக்கக்கூடாது என்று வெள்ளைக்கார அரசு முட்டுக்கட்டை போட, 1925-ல் அடுப்பு அணைந்தது.

அடுத்த காட்சி, கோவில்பட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் எட்டயபுரம். பாரதி பிறந்த ஊர். சுற்றிலும் வானம் பார்த்த கரிசல் பூமி. ஐப்பசி, கார்த்திகையில் மழை பொய்த்தால் பருத்தியும் கிடையாது, கம்பும் கிடையாது. அங்கே ஒரு பிள்ளை பள்ளிக்கூடம் போகிறது என்றால், ஆடு மேய்க்க வீட்டில் ஓர் ஆள் குறைச்சல் என்று அர்த்தம். பள்ளிக்கூடம் கட்டிவிட்டால் மட்டும் போதுமா? வயிறு என்று ஒன்று இருக்கிறதே!

இதே வறண்ட சீமையின் இன்னொரு முனையான விருதுநகரில் பிறந்து, படிப்பைப் பாதியில் விட்டவர் காமராஜர். அவருக்கு இது தெரியாதா? 1956-ல் முதலமைச்சராக எட்டயபுரத்துக்கு வந்து மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். முதலில் ஊர்க்காரர்களின் நன்கொடைதான் முதல். 1957-ல் அரசு மானியம் வந்தது. ஒரு சாப்பாட்டுக்குப் பத்துப் பைசா. அதில் அரசு ஆறு, ஊர் நாலு.

நாலு பைசாதானே என்கிறீர்களா? நூறு பிள்ளைகள், வருஷத்துக்கு 200 நாள் என்று வைத்துப் பாருங்கள். ஊர் பங்கு 800 ரூபாய்! அன்றைய கரிசல் கிராமத்துக்கு அது பெரிய தொகை. பணம் இல்லாதவர்கள் தானியமாகக் கொடுத்தார்கள். சரி, மழை இல்லாத வருஷம்? பிள்ளைக்குச் சோறு அதிகம் தேவைப்படுகிற அதே வருஷத்தில்தான் ஊரின் கை காலியாக இருக்கும். அந்தக் கணக்கில் இருந்த ஓட்டை அதுதான்.

அந்த ஓட்டை வழியாகப் பிள்ளைகள் நழுவினார்கள். பின்னாளில் கோவில்பட்டி, சாத்தூர் பக்கம் விடியுமுன்னே வண்டி வந்து, குழந்தைகளைத் தீப்பெட்டி ஆபீஸுக்கு அள்ளிக்கொண்டு போனதை ஊரே பார்த்தது.

1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டம் கொண்டுவந்தபோது பெரும்பாரத்தை அரசே சுமந்தது. 2022-ல் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம், அடுத்த வருஷமே மாநிலம் முழுக்க அரசு தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது.

கையில் இருக்கும் காசைப் பார்த்துத் தேவையை வெட்டினால், முதலில் வெட்டுப்படுவது வாயில்லாத பிள்ளையின் சாப்பாடுதான். எட்டயபுரத்தில் கணக்கைத் தலைகீழாகப் போட்டார்கள்: முதலில் பசி, அப்புறம் பணம். கணக்கில் ஓட்டை இருந்தது உண்மை. ஆனால் அடுப்பு அணையவில்லை!