இடிபாடுகளின் மேல் ஓர் ஊர்: பண்ருட்டி குறித்துச் சில குறிப்புகள்

காடாம்புலியூரிலிருந்து பஸ் ஏறினால் வழிநெடுக முந்திரியும் பலாவுந்தான். ‘டவுனுக்குப் போறேன்’ என்றால் எங்களுக்கு அது பண்ருட்டி. சந்தைக்கும் சினிமாவுக்கும் போய்வந்த அந்த ஊருக்கு வரலாறு உண்டென்று யாரும் சொன்னதில்லை. வரலாறு கேட்டால் திருவதிகைப் பக்கம் கைகாட்டுவார்கள். அது கோயில் வரலாறு. கெடிலக்கரையின் இச்சிற்றூரை வேறெப்படி வாசிப்பது என்பதே என் கேள்வி.

எல்லாருக்கும் தெரிந்த கதையிலிருந்தே தொடங்கலாம். திருவாமூரில் பிறந்த மருள்நீக்கியார் சமணம் தழுவித் தருமசேனராகிறார். சூலை நோய் வருகிறது. தமக்கை திலகவதியாரைத் தேடித் திருவதிகைக்கு வருகிறார், நாவுக்கரசராகிறார். சமணத்திலிருந்த பல்லவ அரசனும் பின்னர் சைவனாகிறான். பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளிகளை இடித்து, அந்த இடிபாடுகளைக் கொண்டுவந்து திருவதிகையில் குணபரவீச்சரம் எழுப்புகிறான். குணபரன் என்பது முதலாம் மகேந்திரவர்மனின் பட்டப்பெயர். 7ஆம் நூற்றாண்டுக் கதையைச் சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் எழுதுகிறார். அது அப்படியே நடந்ததா என்பதைவிட, ஐந்நூறு வருஷத்துக்குப் பிறகும் இடித்ததைப் பெருமையாகச் சொல்ல முடிந்தது என்பதே நமக்கு முக்கியம். கெடிலம் கிழக்கே ஓடுகிறது. இடிபாடு மட்டும் ஆற்றை எதிர்த்து மேற்கே வந்திருக்கிறது.

இடிபட்ட தரப்பு என்ன எழுதி வைத்திருந்தது? கி.பி. 458இல், காஞ்சிச் சிம்மவர்மனின் 22ஆம் ஆட்சியாண்டில், பாடலிகா என்னும் ஊரில் சர்வநந்தி என்ற சமண முனிவர் ‘லோகவிபாகம்’ என்ற பிராகிருத நூலை முடித்தார். பாடலிகா என்பது இன்றைய திருப்பாதிரிப்புலியூர் என்பர் ஆய்வாளர். மூலநூல் கிடைக்கவில்லை. பின்வந்த சமஸ்கிருத ஆக்கம் சொல்லித்தான் அப்படியொன்று இருந்தது தெரிகிறது. வென்றவர் பிரதி ஓதப்படுகிறது; தோற்றவர் பிரதி அடுத்தவர் வாயில் ஒரு தகவலாக மிஞ்சுகிறது.

வென்ற பிரதிக்குள்ளும் மௌனங்கள் உண்டு. திலகவதியாருக்கு நிச்சயித்த கலிப்பகையார் போரில் இறந்துபோகிறார். தம்பிக்காக உயிர் தரித்த அந்தப் பெண் கோயிலைக் கூட்டி, மெழுகி, நந்தவனம் வைத்து வாழ்கிறார். அந்த உழைப்பு இல்லையென்றால் தருமசேனர் திரும்பிவர ஓர் இடமே இருந்திருக்காது. ஆனாலும் அவர் ‘நாவுக்கரசரின் அக்கா’தான். இன்று இந்தப் பக்கத்தில் முந்திரிக்கொட்டை உடைக்கிற பெண்களைப் பாருங்கள். கொட்டை எண்ணெய் பட்டுத் தோல் வெந்து உரிகிறது. கையில் சாம்பலைப் பூசிக்கொண்டு உடைக்கிறார்கள். ‘பண்ருட்டி முந்திரி’ என்ற பெயரில் அந்தக் கைகள் எங்கே?

‘நம்ம மண்ணு’ என்று பேசுகிறவர்களுக்கும் ஒரு சொல். முந்திரி பிரேசிலிலிருந்து போர்ச்சுகீசியர் கொண்டுவந்தது. நாங்கள் ‘மல்லாட்டை’ என்கிற வேர்க்கடலையும் தென்னமெரிக்கப் பயிர்தான். மணிலாக்கொட்டை எங்கள் வாயில் மல்லாட்டையாகிவிட்டது. வந்தேறியை விரட்டினால் முதலில் பட்டினி கிடப்பது நாம்தான்.

இடித்துக் கட்டுவது பல்லவனோடு நிற்கவில்லை. கர்நாடகப் போர்களில் திருவதிகைக் கோயிலே கோட்டையாயிற்று. 1750இல் பிரெஞ்சுக்காரர் அதைப் பிடித்தனர். தெற்கே 1956இல் நெய்வேலி நிறுவனம் வந்தது. மேல்மண்ணைப் பெயர்த்து, அடியிலிருந்து முட்டும் நீரை இடைவிடாமல் இறைத்தால்தான் பழுப்பு நிலக்கரி கிடைக்கும். மேல்மண் என்றால் வயலும் வீடும் சுடுகாடும் சேர்ந்ததுதான். 2023 ஜூலையில் வளையமாதேவியில், பரவனாற்று மாற்றுக் கால்வாய்க்காகப் பச்சைப் பயிர்மேல் பொக்லைன் இறங்கியது. அன்று சமயத்தின் பெயரால். இன்று வளர்ச்சியின் பெயரால். இரண்டு கதையாடலிலும் இடித்தவர் புண்ணியவான், இடிபட்டவருக்குப் பெயரில்லை.

2011 டிசம்பர் 30இல் தானே புயல் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்தது. காற்றுக்குக் கதையாடல் எதுவும் தேவைப்படவில்லை. சாய்ந்த மரங்களை எண்ணிப் பட்டியல் போட்டு நிவாரணம் கேட்டோம். பெயர்க்கப்பட்ட ஊர்களுக்கும் அப்படியொரு பட்டியலை நாமே எழுதியாக வேண்டும். சேக்கிழாருக்கு ஐந்நூறு வருஷம் இருந்தது. நமக்கு அவ்வளவு அவகாசம் இல்லை.