பெண்கள் ஒன்றானால்: ஒரு பாடம் பிறந்த கதை

தெலுங்கில் அந்தப் பாடத்தின் தலைப்பு ‘ஆடவாள்ளு ஏகமைதே’. பெண்கள் ஒன்றானால் என்று பொருள். எழுத்துக் கற்றுக்கொண்ட பெரியவர்களுக்காக ஆந்திரத்தின் நெல்லூர் மாவட்டத்தில் அச்சான வாசிப்புப் புத்தகத்தில் அது ஒரு சின்னப் பாடம். கற்பனைக் கதை இல்லை. தூபகுண்டா என்ற ஊரின் கூலிப்பெண்கள் செய்ததைச் சொல்கிறது. ‘அவர்கள் செய்தார்கள்’ என்று சொல்லாமல் ‘நாங்கள் செய்தோம்’ என்று சொல்கிறது.

சூளூர்பேட்டைக்கு இது சொந்த மாவட்டத்துக் கதை. 2022 ஏப்ரலில் திருப்பதி மாவட்டம் உருவானபோதுதான் சூளூர்பேட்டை அதில் சேர்ந்தது. அதுவரை நெல்லூர் மாவட்டம்தான். பழைய நெல்லூர் மாவட்டத்தின் தென்கோடியில், தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் புழங்கும் ஊர் இது. தூபகுண்டா நெல்லூருக்கு வடமேற்கே, கலிகிரி மண்டலத்தில் இருக்கிறது. 1992 மே 20 அன்று, சூளூர்பேட்டையைத் தாண்டியிருக்கும் ஸ்ரீஹரிக்கோட்டாவிலிருந்து கிளம்பிய ஏஎஸ்எல்வி ராக்கெட் முதல்முறையாக ஒரு செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் விட்டது. நாடே அண்ணாந்து பார்த்த அந்த ஆண்டில், அதே மாவட்டத்துக் கிராமங்களில் சாராயக் கடைகளின் முன்னால் பெண்கள் உட்கார்ந்துகொண்டிருந்தார்கள். என்னைக் கேட்டால் இரண்டையும் ஒரே பக்கத்தில் வைத்துத்தான் வரலாறு எழுத வேண்டும்.

பாடம் எப்படிப் பிறந்தது? முதலில் வந்தது வகுப்பு. தேசிய எழுத்தறிவு இயக்கம் 1988-இல் தொடங்கியது. 1990-இல் கேரளத்தின் எர்ணாகுளம் முழு எழுத்தறிவு மாவட்டமானது. அந்த உற்சாகத்தில் பல மாவட்டங்கள் களம் இறங்கின. நம் பக்கம் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்ததும், கல் உடைக்கும் பெண்கள்கூட சைக்கிள் மிதிக்கக் கற்றதும் பலருக்கு நினைவிருக்கும். 1991-இல் நெல்லூரிலும் இரவு வகுப்புகள் நடந்தன. பகலெல்லாம் நாற்று நட்ட, களை பறித்த பெண்கள் அடுப்பை அணைத்துவிட்டு சிலேட்டோடு வந்து உட்கார்ந்தார்கள்.

வாசிப்புப் பாடங்களில் ஒன்று ‘சீதம்மா கதை’. சாராயத்தால் ஒரு பெண் படுகிற பாடு அது. வகுப்பில் எழுத்துக் கூட்டி வாசிப்பதோடு வேலை முடிவதில்லை, வாசித்ததைப் பற்றிப் பேச வேண்டும். சீதம்மாவைப் பற்றிப் பேச ஆரம்பித்த பெண்கள் சீக்கிரமே தங்கள் வீட்டைப் பற்றிப் பேசலானார்கள். அடியும் பசியும் அதுவரை அவரவர் தலையெழுத்தாக இருந்தவை. பக்கத்தில் இருப்பவளுக்கும் அதே தலையெழுத்து என்று தெரிந்தபோது அது ஊர்க் கணக்காக மாறியது.

அந்தக் கணக்கு மிகத் தெளிவானது. சாராயம் அப்போது பாக்கெட்டில் வந்தது. கடைக்குப் போய்க் குடிக்க வேண்டியதில்லை, வீட்டு வாசலுக்கே வந்துசேர்ந்தது. குத்தகைக்காரர் ஏலத்தில் பெரும்பணம் கட்டி உரிமை எடுப்பார். கட்டியதை மீட்க ஒவ்வொரு ஊரிலும் பாக்கெட் விற்றாக வேண்டும். அரசுக்கு ஏல வருமானம், குத்தகைக்காரருக்கு லாபம். இரண்டும் கிளம்பிய இடம் கூலிக்காரர் மடி. அது வற்றியதும் மனைவியின் கூலி. குடும்பத்தின் சோறு மிஞ்சியதில்தான்.

தூபகுண்டாவில் குடித்திருந்த இரண்டு பேர் ஏரியில் விழுந்து செத்தார்கள். பெண்கள் ஊர்த் தலைவரிடம் முறையிட்டார்கள், பயன் இல்லை. அப்புறம் கூட்டமாகக் கிளம்பினார்கள். கள் ஏற்றி வந்த வண்டியை மறித்து, கள்ளைக் கீழே கொட்டச் சொன்னார்கள். உனக்கு வரும் நஷ்டத்துக்கு ஆளுக்கு ஒரு ரூபாய் போட்டுத் தருகிறோம் என்றும் சொன்னார்கள். இந்த இடத்தை எத்தனை முறை படித்தாலும் எனக்கு நெஞ்சு அடைக்கும். வண்டிக்காரனும் பிழைப்புக்கு வந்தவன்தான் என்று அந்தக் கோபத்திலும் அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது. அடுத்து வந்தது சாராய ஜீப். அதைச் சூழ்ந்துகொண்டு, கலெக்டரிடம் போவோம் என்றார்கள். ஊர்ச் சாராயக் கடை மூடியது.

இதையெல்லாம் எழுத்தறிவு இயக்கத்தார் பாடமாக்கினார்கள். எழுதிய விதம்தான் அதன் உயிர். எங்கள் ஊர் இது, கூலி வேலை செய்து பிழைக்கிறோம், வேலை இல்லாத நாள் சோறு இல்லை என்ற தோரணையில், பெண்களே எதிரில் உட்கார்ந்து சொல்வதுபோல் போகிறது. வண்டியும் ஜீப்பும் வருகின்றன. இந்த ஆண்டு எங்கள் ஊர்ச் சாராயத்தை ஏலம் எடுக்க யாரும் வரவில்லை என்ற செய்தியும் வருகிறது. ஒரு பாடத்தை வாசித்த பெண்கள் அடுத்த பாடமாக ஆனார்கள்.

பெண்கள் கூடிச் செய்த காரியங்களை எழுதிவைப்பது பழைய வழக்கமா என்று தேடினால் கிரேக்கத்துக்குப் போக வேண்டியிருக்கிறது. கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் ஏதென்ஸ்-ஸ்பார்ட்டா போரை எழுதிய துசிடிடீஸ், பெரிக்ளீஸ் ஆற்றிய இரங்கல் உரை ஒன்றைப் பதிந்திருக்கிறார். கணவனைப் போரில் இழந்த பெண்களுக்கு அதில் வரும் அறிவுரை: நல்லதோ கெட்டதோ, ஆண்கள் வாயில் உங்கள் பெயர் வராதிருப்பதே உங்களுக்குப் பெருமை. அது பொய் என்று ஒருவர் எழுத ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டுகள் ஆயின. கி.பி. 100-ஐ ஒட்டி வாழ்ந்த புளூட்டார்க், டெல்ஃபியில் பூசை செய்த கிளியா என்ற தோழிக்காகப் பெண்களின் வீரச் செயல்களைத் தொகுத்தார். எடுத்த எடுப்பிலேயே துசிடிடீஸோடு தமக்கு உடன்பாடில்லை என்கிறார். தனிப் பெண்களின் கதைகளைப் பின்னுக்குத் தள்ளி, பெண்கள் கூட்டாகச் செய்தவற்றை முன்னால் வைக்கிறார்.

அவர் சொல்லும் கதை ஒன்றில், ட்ராய் அழிந்த பின் கடலில் அலைந்து களைத்த பெண்கள், ஆண்கள் மறுபடி கிளம்ப முடியாதபடி கப்பல்களைக் கொளுத்திவிட்டார்களாம். கோபத்தோடு ஓடிவந்த ஆண்களைக் கட்டி முத்தமிட்டுச் சமாதானம் செய்தார்களாம். ஆர்கோஸ் நகரத்தில், ஸ்பார்ட்டாவின் படை வந்தபோது பெண்களை மதில்மேல் நிறுத்தியவள் டெலசில்லா. அவள் வாள் பிடித்துப் பழகியவள் அல்ல, பாட்டுக் கட்டுபவள். ஏட்டோடு பழகியவள் முன்னால் நிற்க, ஊர்ப் பெண்கள் கூடுகிறார்கள். தூபகுண்டாவை அறிந்தவர்களுக்கு இது அன்னியமாகத் தெரியாது.

ஆனால் புளூட்டார்க் எழுதியது கேள்விப்பட்ட பழங்கதை. அந்தப் பெண்கள் பேசவில்லை, அவர் பேசுகிறார். படித்தவர்களும் கிளியாவைப் போல ஏற்கனவே படித்தவர்கள். நெல்லூர்ப் பாடம் அந்தப் பெண்களைப் போன்ற பெண்களின் கைக்கே போனது. அடுத்த ஊரில் எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தவள் அதில் தன்னைக் கண்டாள்.

1992-இல் மாவட்டம் முழுக்கப் போராட்டம் பற்றிக்கொண்டது. துடைப்பமும் மிளகாய்ப்பொடியும் ஆயுதமாயின. குடித்துவிட்டு வந்த ஆண்களுக்கு மொட்டை போட்டதும் நடந்தது. ஈநாடு நாளிதழ் போராட்டச் செய்திகளுக்கென்றே பக்கம் ஒதுக்கியது. நெல்லூரில் சாராய ஏலத்தை நடத்த முடியாமல் தள்ளிவைத்துக்கொண்டே போனார்கள். 1993 ஏப்ரலில் மாவட்டத்திலும், அக்டோபர் 1 முதல் ஆந்திரம் முழுவதிலும் சாராயம் தடையானது. 1994 டிசம்பரில் முதல்வராகப் பதவியேற்ற கையோடு என்.டி. ராமராவ் முழு மதுவிலக்குக்குக் கையெழுத்திட்டார். 1995 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. 1997-இல் தளர்த்தினார்கள்.

பாடம் சொல்வது ‘நாங்கள்’ என்றுதான். பத்திரிகைகளுக்கோ ஒரு முகம் வேண்டியிருந்தது. தேடி வந்தவர்களுக்கு ரோசம்மா கிடைத்தார். ஊர்ப் பெயரே அவருக்கு முதற்பெயராகி, தூபகுண்டா ரோசம்மா என்று ஆந்திரம் முழுக்க அறிந்தது. 2016-இல் அவர் காலமானார். அவரோடு அன்று கள் வண்டியை மறித்து, முடிச்சை அவிழ்த்து ஆளுக்கு ஒரு ரூபாய் தர நின்ற மற்றப் பெண்களைப் பாடம் பெயர் சொல்லாமல் இன்னும் தன்னுள் வைத்திருக்கிறது.