புதுமை நாட்டமும் ஒரு வேற்றுமை உருபும்

1996ஆம் ஆண்டு சனவரித் திங்களில் 'நேச்சர் ஜெனட்டிக்ஸ்' ஆய்விதழில் இரண்டு கட்டுரைகள் ஒருங்கே வெளிவந்தன. ஒன்று ரிச்சர்டு எப்ஸ்டைன் குழுவினர் இசுரேலில் நிகழ்த்திய ஆய்வு. மற்றொன்று அமெரிக்க ஆய்வு. டோபமைன் என்னும் மூளை வேதிப்பொருளை ஏற்கும் ஏற்பிகளுள் நான்காவதற்குரிய மரபணுவில், 48 எழுத்துகள் கொண்ட துண்டொன்று திரும்பத் திரும்ப வரும். சிலரிடம் இரு முறை, பலரிடம் நான்கு முறை, சிலரிடம் ஏழு முறை. மொழியில் அடுக்குத்தொடரைக் காண்பதுபோல் இதனைக் காணலாம். நீண்ட அடுக்கு உடையோர் புதுமையை மிகுதியாக நாடுகின்றனர் என அவ்விரு கட்டுரைகளும் கூறின.

புதுமை நாட்டம் என்பது அமெரிக்க உளமருத்துவர் குளோனிங்கர் 1987இல் வகுத்தளித்த மனப்பாங்குக் கூறுகளுள் ஒன்று. ஒருவர் தம்மைப் பற்றித் தாமே தரும் விடைகளைக் கொண்டு அளக்கப்படுவது. மாந்தரிடையே காணப்படும் வேறுபாட்டில் நூற்றுக்கு ஏறத்தாழ 4 பங்கையே இம்மரபணு விளக்கக்கூடும் என்பதே அன்றைய கணிப்பு. ஆயினும் வெகுமக்கள் வழக்கில் 'புதுமை நாட்டத்திற்கான மரபணு' என்னும் பெயர் நிலைத்துவிட்டது.

இப்பெயரிலுள்ள நான்காம் வேற்றுமை உருபை நாம் உற்று நோக்க வேண்டும். பொருட்டுப் பொருளில் வரும் 'கு', அம்மரபணு அப்பண்பிற்கென்றே அமைந்தது என்னும் தோற்றத்தைத் தந்துவிடுகிறது. மரபணுவோ ஒரு புரதத்தை ஆக்குவதற்குரிய குறிப்பு மட்டுமே. பெயர் சான்றை முந்திக்கொண்டு ஓடியது என்பதே நம் கருத்து.

சான்று பின்னர் மெலிந்தது. பல ஆய்வுகளைத் தொகுத்து 2002இலும் 2008இலும் வெளிவந்த மதிப்பீடுகள், அடுக்கின் நீளத்திற்கும் புதுமை நாட்டத்திற்கும் உறுதியான தொடர்பு இல்லை என்றன. இதனை அறியாத ஆசிரியர், வகுப்பில் ஓரிடத்தில் அமராத மாணவனைப் 'பிறவிக் குணம்' எனக் கூறிக் கைவிட்டுவிடக்கூடும். அம்மாணவனும் அப்பெயரையே சுமந்து வளர்வான்.

நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத்தார் 2006இல் வினாவையே மாற்றினர். ஏழடுக்கு உடைய மழலையர், தாயின் பரிவு குன்றிய இடத்தில் அடங்காமையை மிகுதியாகக் காட்டினர். பரிவு நிறைந்த இடத்தில் அவ்வாறில்லை. ஆய்வுக்கு உட்பட்ட குழந்தைகள் 47 பேரே. அம்முடிவைப் பொதுவிதியாகக் கொள்ள இயலாது. எனினும் குழந்தையையும் வளர்ப்பையும் சேர்த்தே நோக்கிய அவ்வினா, 1996இன் வினாவைக் காட்டிலும் செம்மையானது.