சாவா மூவாப் பேராடு

சோழர் காலக் கல்வெட்டுகளை வாசிக்கப் புகும் எவரும் தொடக்கத்திலேயே எதிர்கொள்ளும் தொடர் 'சாவா மூவாப் பேராடு' என்பது. சாகாத, மூப்படையாத ஆடு. ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சங்கள் இரண்டு அடுத்தடுத்து நிற்பதைக் கண்டதும், இலக்கணம் பயின்ற நமக்கு ஏதோ செய்யுள் அடியோ என்ற ஐயம் எழும். உண்மையில் அது கணக்கு வழக்குச் சொல்.

கோயிலில் நந்தாவிளக்கு ஒன்று அணையாமல் எரிய வேண்டுமென்று விரும்பியவர், பெரும்பாலும் 90 அல்லது 96 ஆடுகளை அளித்தார். அவை மன்றாடி எனப்பட்ட இடையரிடம் ஒப்படைக்கப்பட்டன. அவர் நாள்தோறும் கோயிலுக்கு ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். நான்கு உழக்கு ஒரு நாழியாதலால், ஆண்டுக்கு 91 நாழிக்குச் சற்று மேல் ஆகிறது. அதாவது ஆடு ஒன்றுக்கு ஏறத்தாழ ஒரு நாழி. கிழடு கழிந்தால் குட்டி அவ்விடத்தை நிரப்பும். மந்தையின் எண்ணிக்கை குறையவே கூடாது. சாவதும் மூப்பதும் ஆட்டுக்கு உண்டு, முதலுக்கு இல்லை என்பதே அத்தொடரின் பொருள்.

தஞ்சைப் பெரிய கோயிலில் இக்கணக்கு இன்னும் இறுக்கமானது. ஒரு விளக்குக்கு 96 ஆடு, அல்லது 48 பசு, அல்லது 16 எருமை. நெய்யை 'ஆடவல்லான்' என்று இறைவன் பெயர் தாங்கிய அளவையால் அளக்க வேண்டும்.

கொடுத்தவர்களின் நோக்கங்கள் பலவாறானவை. இறந்த உறவினரின் நலன் வேண்டியவர் உண்டு. வேட்டையில் குறி தவறி மனிதர் மேல் அம்பு பட்டு உயிர் போக, ஊரார் கூடி விதித்த கழுவாயாக விளக்கு வைத்தவரும் உண்டு. நம்பிக்கை ஆழமானது என்பதில் ஐயமில்லை. ஆனால் அதை நிறைவேற்றும் பொறுப்பை இறைவனிடம் மட்டும் எவரும் விட்டுவிடவில்லை என்பதே நமக்கு வியப்பளிப்பது. சந்திர சூரியர் உள்ளவரை எனக் கல்லில் வெட்டினர். சிவன் கோயில்களில் பன்மாகேசுவரரைக் காவலுக்கு அழைத்தனர். இராசராசனின் தமக்கை குந்தவை, தம் தந்தைக்கும் தாய்க்கும் தஞ்சைக் கோயிலில் திருமேனி எழுந்தருளுவித்தபோது, அவற்றின் வழிபாட்டுக்கெனக் காசைக் கோயில் கருவூலத்தில் பூட்டி வைக்கவில்லை. ஊர்களுக்கு வட்டிக்கு அளித்தார். அக்கோயிற் கல்வெட்டுகளில் நாம் அடிக்கடி காணும் விகிதம், காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு, நூற்றுக்குப் பன்னிரண்டரை. சபையும் ஊரும் வாங்கிய முதலைத் திருப்பித் தர வேண்டியதில்லை. பொலிசையை மட்டும் என்றென்றும் செலுத்திவர வேண்டும்.

புண்ணியம் கொடையாளருக்கு. மழை பொய்த்தாலும் நோய் கண்டு மந்தை அழிந்தாலும் நெய்க்குப் பொறுப்பு யாருக்கு? இடையருக்கு. தஞ்சைக் கல்வெட்டுகள் இடையரின் பெயரோடு உறவினரின் பெயர்களையும் சேர்த்தே பொறிக்கின்றன. நல்ல ஆண்டில் எஞ்சிய பாலும் குட்டியும் அவர்களுக்கு ஆதாயமாகியிருக்கும், மறுப்பதற்கில்லை. ஆயினும் ஒருவரின் வேண்டுதல் இன்னொருவரின் தலைமுறைக் கடனாக மாறும் இடம் இது. கோயிற் பொருளாதாரத்தைப் போற்றி எழுதுவோர் இவ்விடத்தை விரைந்து கடந்துவிடுகின்றனர் என்பது நம் எண்ணம்.

இதன் மறுமுனையையும் ஒரு கல்வெட்டில் காணலாம். குலோத்துங்கன் காலத்தது, மூன்றாமவன். ஆண்டு 1201. இடம் திருப்பாம்புரம். ஒரு காசுக்கு மூன்று நாழி நெல் விற்ற பஞ்சகாலம். வேளாளர் ஒருவர் தம்மையும் தம் பெண்மக்கள் இருவரையும் 110 காசுக்கு அக்கோயிலுக்கே விற்றுக்கொண்டார். அந்த விலைக்கு 110 காசும் 330 நாழி நெல்தான். நாளொன்றுக்குத் தலைக்கு ஒரு நாழி என்று வைத்துக்கொண்டால், மூவருக்கும் 110 நாள் உணவு.