கல்லெழுத்தும் இணைய எழுத்தும்

"நாம் இவ்வூருக்கு எப்போது வந்தோம்?" என்பது, பெங்களூரில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் என்றேனும் ஒருநாள் கேட்கும் வினா. பாட்டனார் தண்டுப் பகுதிக்குப் பிழைப்புத் தேடி வந்த கதையைக் கூறி நாம் நிறுத்திக்கொள்கின்றோம். ஆனால், தொம்மலூர்ச் சொக்கநாதசுவாமி கோயிலிலுள்ள தமிழ்க் கல்வெட்டுகளோ, தண்டு தோன்றுவதற்கு ஐந்நூறு ஆண்டுகட்கும் முற்பட்ட போசளர் காலத்துச் செய்தியை உரைக்கின்றன. (பெயர்கொண்டு சிவன் கோயில் என எண்ணற்க, அது திருமால் கோயில்.) 'தேசிமாணிக்கப் பட்டணம்' என்னும் மறுபெயர் இவ்வூர்க்கு இருந்ததையும் அவற்றாலேயே அறிகின்றோம்.

இக்கோயிலைப் பற்றி நம் இளைஞர்கள் சில ஆண்டுகட்கு முன் இணையப்பக்கம் ஒன்று அமைத்தனர். உரை எழுதும் பணி நமக்கு வாய்த்தது. 'சீரும் சிறப்பும் வாய்ந்த' எனத் தொடங்கி அடைமொழிகளை அடுக்கினோம். மேடைப் பழக்கம் எளிதில் விடுமோ? அவ்வுரையையும் படமாக்கி ஏற்றிவிட்டோம். கைப்பேசியில் எழுத்துகள் எறும்புகளாயின. தேடினாலும் ஒரு சொல் அகப்படவில்லை. பக்கத்தைக் கண்ட கன்னட நண்பர் ஒருவர், "எந்தச் சுவர்? எந்த ஆண்டு? படித்தவர் யார்?" என்று மட்டும் கேட்டார். நம்மிடம் விடையில்லை.

விடை நூலகத்தில் இருந்தது. 1837இல் பெங்களூரிலேயே பிறந்த பெஞ்சமின் லூயிஸ் ரைஸ் என்பார், மைசூர் நாட்டுக் கல்வெட்டுகளைத் திரட்டி 'எபிகிராபியா கர்நாடிகா' என்னும் தொகுதிகளாக வெளியிட்டார். பெங்களூர் மாவட்டத்துக்குரிய ஒன்பதாம் தொகுதி 1905இல் வந்தது. ஒவ்வொரு கல்வெட்டுக்கும் வட்டவாரியாக எண்ணிட்டு, இருக்குமிடம், மூலபாடம், ஆங்கில மொழிபெயர்ப்பு ஆகியவற்றைத் தந்தார். ஐயமுற்றவன் எண்ணைக் குறித்துக்கொண்டு கல்லினிடமே செல்லலாம். ரைஸின் சொல்லை அப்படியே நம்பவேண்டியதில்லை.

கல்லைப் படித்தலும் எளிதன்று. பழங்கல்வெட்டுகளில் பெரும்பாலும் மெய்க்குப் புள்ளி இராது. எகர ஏகார வேறுபாடு தோன்றாது. சொற்களுக்கிடையே இடைவெளியும் இராது. இடையிடையே கிரந்த எழுத்துகள் கலந்துவரும். சக ஆண்டோடு 78 கூட்டினால்தான் நம் ஆண்டு ஏறத்தாழப் புலப்படும். படிப்பவர் ஓரிடத்தில் தவறினால், ஊர்ப்பெயரே மாறிவிடும். மழையும் சுண்ணாம்புப் பூச்சும் செய்த கேடு வேறு.

1909இல் தோன்றிய பெங்களூர் மிதிக் சங்கம், 2021 முதல் இந்நகர்க் கல்வெட்டுகளை முப்பரிமாண முறையில் படமெடுத்து இணையத்தில் இடும் பணியை மேற்கொண்டது. கன்னடக் கல்லும் தமிழ்க் கல்லும் வேறுபாடின்றி இதில் இடம்பெறுகின்றன. வெறுங்கண்ணுக்குப் புலப்படாத கீறலையும் திரையில் ஒளியைத் திருப்பிக் காணலாம். முன்னோர் படித்த பாடத்தைச் சரிபார்க்கலாம். பெங்களூர் என்னும் பெயர் வரும் பேகூர்க் கல், ஏறத்தாழ கி.பி. 890ஐச் சேர்ந்தது, அது கன்னடத்தில் அமைந்தது. அதனையும் சொல்லாமல் தொம்மலூரை மட்டும் பேசுதல் நேர்மையாகாது எனக் கண்டோம்.

ஆகவே பக்கத்தைப் புதிதாக எழுதினோம். முதல் வரியில் ஊர், காலம், அரசு. அடுத்துக் கல்லின் பாடமும் இக்காலத் தமிழும் அருகருகே. ரைஸின் எண் கீழே. எழுத்தனைத்தும் ஒருங்குறியில். பிற்காலத்தார் சொல்லும் கதைகளைத் தனியே பிரித்து, 'கேள்வி' என்று தலைப்பிட்டோம். பேகூர்க் கல்லுக்கும் ஒரு பத்தி ஒதுக்கினோம். அடைமொழிகள் நீங்கவே உரை பாதியாகக் குறைந்தது, சிறிது வருத்தந்தான்.

அண்மையில் நம் குடியிருப்பு மாணவி ஒருத்தி, ஆண்டுக் கணக்கில் ஒரு பிழையைச் சுட்டினாள். திருத்தி, திருத்திய நாளையும் பக்கத்தின் அடியில் குறித்துள்ளோம்.